அண்ணன் சனிக்கிழமைக்கு வைத்திருந்த கோட்டு

எசன் நகரில் என் அண்ணன் அன்ரனை அடக்கம் செய்து பல நாள் கழிந்த பிறகுதான் எனக்கு விசா கிடைத்தது. ஆகவே நான் ஜெர்மனிக்குப் போனது செத்த வீட்டுக்கு அல்ல, முப்பத்தோராம் நாள் பூசைக்கு. எனக்கு இருபத்துநாலு வயது. மன்னாரிலிருந்து அதுவரை நான் போன ஆகத் தூரமான இடம் கொழும்பு.

வெளிக்கிடும்போது அம்மா ஒரே ஒரு காரியம்தான் சொன்னார். "அவன்ர உடுப்பு ஒண்டையும் அங்க விட்டிட்டு வராத. கிழிஞ்சது எண்டாலும் கொண்டு வா." ஏன் அப்படிச் சொன்னார் என்று எனக்குத் தெரியும். அப்பா கடைசிச் சண்டையில் காணாமற்போனவர். அவருடையது என்று எடுத்து வைக்க எங்கள் வீட்டில் ஒரு சாரம்கூட இல்லை.

செவ்வாய்க்கிழமை இறங்கினேன். கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்த அதிகாரி கடவுச்சீட்டைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். எதற்கு வந்தாய் என்று கேட்டார் போல. எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் "மை பிரதர் டெட்" என்றேன். சொல்லிவிட்டு அழுகையும் வரவில்லை, பயம்தான் வந்தது. பொய் சொல்கிறேன் என்று நினைத்துவிடுவாரோ என்று. அவர் முத்திரையைக் குத்தினார்.

வெளியில் ராஜன் அண்ணை நின்றார். அண்ணனோடு இருபது வருடமாகப் பழகியவர். யாழ்ப்பாணத்துக்காரர். அண்ணனின் சவப்பெட்டிக்கு முன்னால் என் இடத்தில் நின்றவரும் அவர்தான். என்னைக் கண்டதும் "அவன்ர மூக்கு அப்பிடியே" என்று சொல்லிவிட்டு, பெட்டியை வாங்கிக்கொண்டு வேகமாக முன்னால் நடந்தார். அழுவதை நான் பார்க்கக்கூடாது என்றுதான் அந்த வேகம்.

எசனுக்கு ரயிலில் போனோம். பெட்டி நிறையச் சனம், ஒரு சத்தம் இல்லை. எங்கள் ஊர் பஸ்ஸில் இவ்வளவு அமைதி என்றால் சோதனைச் சாவடி வரப்போகிறது என்று அர்த்தம். எனக்கு எதிரே கன்றுக்குட்டி அளவில் ஒரு நாய் படுத்திருந்தது. நான் கால்களை இருக்கைக்கு மேலே தூக்கி வைத்தேன். நாய்க்காரி என் சப்பாத்தைப் பார்த்து ஏதோ சொன்னாள்.

"என்ன சொல்லுறா, அண்ணை?"

"நாய் கடிக்காதாம். நீ காலை இறக்கினால் நல்லமாம்."

ராஜன் அண்ணையின் மனைவி மேரி அக்கா மீன்குழம்பு வைத்திருந்தார். தமிழ்க்கடையில் வாங்கிய விளைமீன், ஐஸில் கிடந்து கிடந்து பஞ்சு மாதிரி ஆகியிருந்தது. கடற்கரையில் பிறந்த வாய்க்கு அது மீன் இல்லை. ஆனாலும் இரண்டாம் தரமும் போட்டுச் சாப்பிட்டேன். அண்ணனும் இந்த மேசையில் இருந்து இதைத்தானே தின்றிருப்பான்.

புதன்கிழமை காலை ராஜன் அண்ணை என்னை அண்ணனின் வீட்டில் விட்டுவிட்டு வேலைக்குப் போனார். மூன்றாம் மாடியில் ஒரே ஒரு அறை. அதற்குள்ளேயே குசினி. கட்டிலில் போர்வை மடித்தபடி இருந்தது. அண்ணன் பழைய வீடுகளைக் காலி செய்து கொடுக்கிற வேலை செய்தவன். ஒரு கிழவர் செத்தால், அவருடைய தளபாடத்தையெல்லாம் இறக்கி ஏற்றுகிற வேலை. அப்படி ஒரு அலுமாரியைப் படியால் இறக்கும்போதுதான் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு இருந்தவனாம். வயது முப்பத்தெட்டு.

உடுப்பு எடுக்கத்தான் அலுமாரியைத் திறந்தேன். இரும்பு அலுமாரி, இரண்டு கதவு.

முதல் தட்டில் நாலு ஹெல்மெட். ஒன்றில் விரல் போகிற அளவுக்கு ஒரு ஓட்டை. அதற்குக் கீழே வரிசையாகத் தொங்கியது எல்லாம் பச்சையும் மண்நிறமுமான படை உடுப்பு. படைச் சப்பாத்து. தண்ணீர்ப் போத்தல். இடுப்புப் பட்டி. தகரத்தட்டு. எல்லா உடுப்பின் தோளிலும் ஒரே அடையாளம், நீல வட்டத்துக்குள் ஒரு வெள்ளைக் கோடரி. ஒவ்வொன்றிலும் ஒரு சின்ன மட்டை கட்டி, ஜெர்மன் மொழியில் அண்ணன் ஏதோ எழுதியிருந்தான்.

கதவை மூடிவிட்டு நிலத்தில் இருந்துவிட்டேன்.

இதை வாசிக்கிறவர்களுக்குச் சிரிப்பாக இருக்கலாம். எனக்கு ஏழு வயதில் நடந்ததைச் சொன்னால் விளங்கும். கடைசிச் சண்டை முடியும் நேரம், மழையில் எனக்குக் குளிர் பிடித்திருந்தது. பதுங்குகுழியில் யாரோ விட்டுப்போன ஒரு கோட்டை அம்மா எனக்குப் போட்டுவிட்டார். ஆமிக்காரர் நின்ற வரிசைக்கு வந்தபோதுதான் அதன் பையில் இயக்கத்து எண் ஒன்று இருப்பதைப் பக்கத்தில் நின்ற மனிசி கண்டா. அம்மா பையைப் பல்லால் கடித்துக் கிழித்து, காலடியில் கையாலேயே தோண்டித் தாட்டார். எங்களுக்கு முன்னால் நின்ற பெடியன் ஒருவனின் சட்டைத் தோளில் ஏதோ தைத்துக் கழற்றிய நூல் மிச்சம் இருந்தது. அவனை வரிசையிலிருந்து விலத்திக் கூட்டிப் போனார்கள். அவ்வளவுதான், பிறகு அவனை யாரும் காணவில்லை.

கொஞ்ச நேரத்தால் மறுபடி திறந்தேன். ஒரு ஓரத்தில் ஒரு கோட்டு மட்டும் வெள்ளைத் துணியில் சுற்றித் தனியாகத் தொங்கியது. மற்றதெல்லாம் ஊத்தையும் கிழிசலும். இது மட்டும் கழுவி, தெறி தைத்து, அந்துருண்டை வாசத்தோடு. அதைப் பார்த்தவுடன் இது அண்ணன் போட்ட கோட்டு என்று முடிவு செய்துவிட்டேன். குளிருக்குப் போட்டிருப்பான். மணந்து பார்த்தேன். அந்துருண்டைக்குள் அண்ணனைத் தேடினேன்.

அம்மாவிடம் இதைக் கொண்டுபோக வேண்டும். ஆனால் கட்டுநாயக்கா விமான நிலையத்தில் பெட்டியைத் திறந்தால்? மன்னார்ப் பெட்டை, பெட்டிக்குள் படைக் கோட்டு, தோளில் அடையாளம். கழுத்துப் பட்டைக்கு உள்பக்கம் பார்த்தேன். கறுத்த மையில் ஒரு ஆங்கில எழுத்தும் எண்களும். எண் என்று கண்டதும் எனக்குக் கண் இருட்டிவிட்டது.

அடையாளம் இல்லாவிட்டால் அது வெறும் கோட்டுத்தானே. குசினிக் கத்தரிக்கோலை எடுத்தேன். தோள் அடையாளத்தை வெட்டினேன். கழுத்துப் பட்டையில் எண் இருந்த துண்டை வெட்டினேன். அம்மா தாட்டார். மூன்றாம் மாடியில் நான் எங்கே புதைப்பது? பாத்திரம் கழுவுகிற தொட்டிக்குள் போட்டு நெருப்பு வைத்தேன்.

பழைய துணி கொஞ்சமாகத்தான் எரிந்தது, புகைதான் அள்ளி எறிந்தது. திடீரென்று கூரையில் ஒட்டியிருந்த வெள்ளை வட்டப் பெட்டி ஒன்று கத்தத் தொடங்கியது. அப்படி ஒரு சத்தத்தை நான் கேட்டதில்லை. அது என்ன பெட்டி என்றும் தெரியாது. படை உடுப்பை எரித்தால் காட்டிக்கொடுக்கிற பெட்டி என்றுதான் அந்த நேரம் நினைத்தேன். சத்தியமாக.

தண்ணீரைத் திறந்துவிட்டுக் கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவில் குந்தினேன். யாரோ கதவைத் தட்டினார்கள். பிறகு பலமாக அடித்தார்கள். திறந்தால், கறுப்புக் கோட்டும் ஹெல்மெட்டும் போட்ட மூன்று ஆண்கள். நான் இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கினேன்.

தீயணைக்கிறவர்கள். கீழ்வீட்டுக் கிழவி கூப்பிட்டிருக்கிறா. ஒருவர் யன்னலைத் திறந்தார், ஒருவர் அந்தப் பெட்டியைக் கழற்றினார். மூன்றாமவர் என் முன்னால் வந்து, என் கைகளைப் பிடித்து மெதுவாகக் கீழே இறக்கிவிட்டார். அதற்குள் கிழவி சொல்லி ராஜன் அண்ணையும் வேலையிலிருந்து ஓடிவந்து சேர்ந்தார். போகும்போது அந்த மூவரில் இளையவர் திறந்திருந்த அலுமாரியைப் பார்த்து ஏதோ சொல்ல, மற்றவர்கள் சிரித்தார்கள்.

"என்னவாம்?"

"உங்கட ஹெல்மெட் தங்கட ஹெல்மெட்டை விட வடிவாம்" என்றார் ராஜன் அண்ணை. பிறகு தொட்டியைப் பார்த்தார். "பிள்ளை, நீ என்ன எரிச்சனி?"

"அடையாளத்தை."

அவர் என்னைப் பார்த்தார். அவரும் எங்கள் நாட்டில் இருந்துதானே வந்தவர். ஏசவில்லை. "இது இங்கத்தை ஆமி இல்லை. எங்கட ஆமியும் இல்லை. உலகப் போரில அமெரிக்கன் வந்து விட்டிட்டுப் போனது. பழைய வீடுகளின்ர பரணுக்குள்ள கிடக்கிறதை உன்ர அண்ணன் சேர்த்துக்கொண்டு இருந்தவன். கோடரிப் படை மட்டும்தான். ஒரே பைத்தியம் அதில" என்றார்.

"அவன் போடுறதில்லையே?"

"அவனோ? அவனுக்குப் பச்சை உடுப்பைக் கண்டாலே ஆகாது."

வியாழக்கிழமைதான் ராஜன் அண்ணை அந்த மட்டைகளை எல்லாம் வாசித்துக்கொண்டு வந்தார். எந்த ஊரில், எந்த வீட்டில் எடுத்தது என்று எழுதியிருந்தானாம். நான் வெட்டிய கோட்டின் மட்டையை வாசித்தவர் அப்படியே நின்றார்.

"என்ன, அண்ணை?"

"இந்தச் சனிக்கிழமைத் திகதி போட்டு, டயானிட்டக் குடுக்கோணும் எண்டு கிடக்கு."

மட்டையின் பின்பக்கத்தில் ஒரு தொலைபேசி எண் இருந்தது. அண்ணை எடுத்துக் கதைத்தார். நீண்ட நேரம். அவருடைய முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். போகப் போக நிறம் மாறியது.

விசயம் இதுதான். ஹைக்கே என்று ஒரு பெண், ஆஹென் பக்கத்துக் காட்டுக்குள் ஒரு ஊரில் பஸ் ஓட்டுகிறா. அவருடைய தகப்பன் செத்தபோது வீட்டைக் காலி செய்யப் போனவன் அண்ணன். பரணில் ஹெல்மெட்டைக் கண்டு, எறியாதேங்கோ எனக்குத் தாங்கோ என்று கேட்டிருக்கிறான். அதில் தொடங்கியதாம் சிநேகிதம். அந்தக் காட்டில் கோடரிப் படையின் ஆட்கள் கணக்கில்லாமல் செத்தவர்களாம். இவர்கள் இரண்டு பேரும் அவர்களுடைய சாமான்களைச் சேர்த்து, பெயர் கண்டுபிடிக்க முடிந்ததை அமெரிக்காவில் இருக்கிற குடும்பங்களுக்குக் கொடுத்துவந்தார்கள். அந்தக் காலத்துப் படையாள் ஒவ்வொருவனும் தன் உடுப்பின் உள்ளே பெயரின் முதல் எழுத்தையும் தன் இலக்கத்தின் கடைசி நாலு எண்ணையும் மையால் அடிக்க வேண்டுமாம், சலவைக்குப் போனால் மாறாமல் இருக்க. அதை வைத்துத்தான் ஆளைப் பிடிப்பது. நான் எரித்தது அதை.

"படம் எடுத்து வைக்கேல்லையோ?" என்று கேட்டேன்.

"எடுத்திருக்கிறான். அதில மூண்டு எண்தான் தெளிவு. கடைசி எண் மடிப்புக்குள்ள. ஒண்டோ ஏழோ எண்டு தெரியேல்லையாம். ஒண்டெண்டால் வேற ஆள். ஏழெண்டால் டயானின்ர அம்மப்பா. அன்ரன் லைற் பிடிச்சுப் பார்த்திட்டு, ஏழுதான், வரச்சொல்லுங்கோ எண்டு ஹைக்கேக்கு மெசேஜ் போட்டவன். போட்டு நாலாம் நாள் செத்துப்போனான்."

டயான் என்ற அந்த அமெரிக்கப் பெண் ஏற்கனவே ஜெர்மனிக்கு வந்துவிட்டா. அம்மப்பாவின் உடல் கிடைக்கவே இல்லையாம். டயானின் தாய்க்கு எண்பது தாண்டிவிட்டது. கோட்டுக்காகக் காத்திருக்கிறாவாம்.

மேரி அக்கா நெற்றியில் சிலுவை போட்டார். "ஜெர்மன்காரர் சும்மா விடாயினம். அன்சைகே போட்டாலும் போடுவினம்" என்றார். அன்சைகே என்றால் போலீசில் முறைப்பாடு. எனக்கு விசாவில் இன்னும் ஆறு நாள். போலீஸ், விசா, கட்டுநாயக்கா என்று ஒன்றன்பின் ஒன்றாக எல்லாம் எனக்குள் ஓடியது.

ராஜன் அண்ணை கொஞ்சம் யோசித்தார். "எலி அரிச்சுப்போட்டுது எண்டுவம்."

"பொய்யெல்லோ, அண்ணை?"

"ஆருக்கு நட்டம்? உண்மையைச் சொன்னால் உனக்குத்தான் வில்லங்கம். நீ வாயே திறக்காத. உனக்குப் பாஷை தெரியாது, அவ்வளவுதான்."

சரி என்றேன். பயத்தில் மனிதர் எதற்கும் சரி என்பார்கள். வெள்ளிக்கிழமை அண்ணனின் கல்லறைக்குப் போனோம். மரச்சிலுவை, அதில் அவன் பெயர், வாடிய பூ. "எலி எண்டு சொல்லப்போறன் அண்ணா" என்று மனசுக்குள் சொன்னேன். அவனுக்கு எலி என்றால் சின்ன வயதிலேயே வெறுப்பு என்று அம்மா சொல்லியிருக்கிறார்.

சனிக்கிழமை. ராஜன் அண்ணையின் காருக்குத் தகுதிப் பத்திரம் முடிந்துபோய், அது முற்றத்தில் நின்றது. அதனால் கோட்டையும் நாலு ஹெல்மெட்டையும் இரண்டு பெரிய நீலப் பைகளில் போட்டுக்கொண்டு ரயிலேறினோம். மற்றதெல்லாம் ஹைக்கே வந்து எடுப்பாவாம். பைக்கு வாய் மூடாது. நான் என் சால்வையால் ஹெல்மெட்டுகளை மூடினேன்.

பாதி வழியில் ரயில் வயலுக்கு நடுவில் நின்றது. அறிவிப்பு வந்தது. பெட்டி முழுவதும் ஒன்றாகப் பெருமூச்சு விட்டது. பக்கத்தில் இருந்த ஒருவர் மற்றவரிடம் சொன்னதை அண்ணை எனக்குத் தமிழாக்கினார். "இதைவிட நடந்து போயிருந்தால் நேற்றே போய்ச் சேர்ந்திருப்பன் எண்டுறார்." ஜெர்மனியில் எல்லாம் நேரத்துக்கு ஓடும் என்று ஊரில் சொல்கிறார்கள். அவர்கள் வந்து பார்க்க வேண்டும்.

அடுத்த ஸ்டேஷனில் எல்லாரையும் இறக்கிப் பஸ்ஸில் ஏற்றினார்கள். நிற்க இடமில்லை. ஒரு வளைவில் என் கையிலிருந்த பை சரிந்தது. ஹெல்மெட் ஒன்று விழுந்து, டங் டங் என்று பஸ்ஸின் நடுவால் முன்பக்கம் வரை உருண்டது. எல்லாரும் திரும்பினார்கள். எனக்கு அந்த இடத்திலேயே கரைந்துபோகலாம் போல இருந்தது. ஒரு கிழவர் காலால் மறித்து, அதை எடுத்துச் சுற்றிப் பார்த்தார். ஓட்டைக்குள் விரலை விட்டார். பின்னாலிருந்து ஒரு பெண் ஏதோ கத்த, சிரிப்பு எழுந்தது.

"கார்னிவல் முடிஞ்சு கனநாள் எண்டுறா" என்றார் அண்ணை. இந்தப் பக்கத்தில் வருடத்தில் ஒருமுறை எல்லாரும் வேஷம் போட்டுக்கொண்டு தெருவில் ஆடுவார்களாம்.

கிழவர் சிரிக்கவில்லை. ஹெல்மெட்டைக் கை மாற்றிக் கை மாற்றி என்னிடம் அனுப்பினார்.

காட்டோரத்தில் இறங்கினோம். ஹைக்கேயின் ஊருக்கு மரங்களுக்கு நடுவால் பத்து நிமிடப் பாதை ஒன்று இருந்தது. அதன் வாயிலில் மஞ்சள் பலகை. எழுத்து விளங்கவில்லை, ஆனால் படம் விளங்கியது. வெடிக்கிற படம். என் கால் தன்பாட்டில் நின்றுவிட்டது.

"பாதையை விட்டு இறங்காமல் போகட்டாம். அவ்வளவுதான்" என்றார் அண்ணை.

"நான் வரமாட்டன்."

"எண்பது வருசத்துக்கு முந்தினது, பிள்ளை."

"எங்கட ஊரில பழசெண்டு வெடிக்காமல் விட்டதோ? மாடு மேய்க்கப்போன சனத்தைக் கேளுங்கோ."

அண்ணை இரண்டு பையையும் தூக்கினார். "சரி, தார் றோட்டால நடப்பம். முக்கால் மணித்தியாலம். உன்ர கொண்ணனும் இப்பிடித்தான். இந்தக் காட்டுக்கு அஞ்சு வருசமா வந்தவன், ஒரு நாளும் புல்லில கால் வைக்கேல்லையாம்."

அது எனக்குத் தெரியாது. தார் றோட்டில் நடந்துகொண்டே கொஞ்சம் அழுதேன். விமானம் ஏறிய நாளிலிருந்து அப்போதுதான் அழுகை வந்தது. பயத்துக்கு நடுவில் அதற்கு ஒரு இடம் கிடைத்தது போல.

ஹைக்கேக்கு ஐம்பது வயது இருக்கும். கட்டை முடி, பெரிய கை. என்னைக் கட்டிப்பிடித்து "ஆன்டோன், ஆன்டோன்" என்றா. அண்ணனின் பெயரை அப்படித்தான் சொல்வா போல. உள்ளே மேசையில் உருளைக்கிழங்குச் சூப்பும், மேலே பிளம்ஸ் பழம் வைத்த கேக்கும் இருந்தன. நாங்கள் செத்த வீட்டுக்கு வந்தவர்களுக்குத் தேத்தண்ணீர் கொடுக்கிற மாதிரி, கேட்காமலேயே கோப்பையில் ஊற்றிக்கொண்டே இருந்தா. சூப் நல்ல ருசி.

டயான் ஏற்கனவே வந்திருந்தா. மெலிந்த உயரமான பெண், மேரி அக்காவின் வயதுதான். சாப்பிடவில்லை. கைகளை மடியில் வைத்துக்கொண்டு நீலப் பைகளையே பார்த்துக்கொண்டிருந்தா.

பிறகு பின்பக்கக் கொட்டகைக்குப் போனோம். சுவர் முழுவதும் கோடரிப் படையின் சாமான்கள். ஹைக்கே ஒரு வெள்ளை விரிப்பை மேசையில் விரித்தா. ராஜன் அண்ணை கோட்டை எடுத்து அதில் வைத்தார். டயான் ஒரு தாளை எடுத்துப் பக்கத்தில் வைத்தா. படையிலிருந்து அவர்கள் வீட்டுக்கு அந்தக் காலத்தில் வந்த தாள். அதில் இலக்கம் இருந்தது, கடைசியில் ஏழு. பிறகு மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கோட்டின் கழுத்தைத் திருப்பினா.

அங்கே ஒரு ஓட்டை.

தோளிலும் ஒரு ஓட்டை. ஹைக்கே குனிந்து பார்த்தா. நிமிர்ந்து அண்ணையைப் பார்த்தா. அண்ணை ஜெர்மன் மொழியில் சொன்னார். இரண்டு விரலால் அரிப்பது போலக் காட்டியும் சொன்னார்.

ஹைக்கேயின் முகம் சிவந்தது. சத்தம் போட்டுக் கதைக்கத் தொடங்கினா. அண்ணனின் பெயர் நாலைந்து தரம் வந்தது. டயானுக்கு அதை ஆங்கிலத்தில் திருப்பிச் சொன்னா. டயான் கண்ணாடியைக் கழற்றினா. தாளை மடிக்கத் தொடங்கினா.

"என்னவாம், அண்ணை? அண்ணாவை என்ன சொல்லுறா?"

"விடு பிள்ளை."

"சொல்லுங்கோ."

அண்ணை மெதுவாகச் சொன்னார். "எலி வாற இடத்தில வைச்சிருக்கிறான், பொய்யன், கவனமில்லாதவன் எண்டுறா. இரும்பு அலுமாரி எண்டு தனக்குச் சொன்னவனாம். இப்பிடிப்பட்டவன் ஏழெண்டு பார்த்ததையும் எப்பிடி நம்புறது எண்டு கேக்கிறா."

அப்போதுதான் எனக்கு விளங்கியது. எண் போய்விட்டது. மிச்சம் இருந்தது அண்ணனின் சொல் ஒன்றுதான். நாங்கள் எலியை விட்டு அதையும் அரித்துவிட்டோம்.

அன்சைகே நினைவு வந்தது. ஆனாலும் வாய் திறந்துவிட்டது. "நோ எலி" என்றேன். எலிக்கு ஆங்கிலத்தில் என்ன என்று அந்த நேரம் வரவில்லை. இரண்டு விரலால் அண்ணை காட்டிய மாதிரியே அரித்துக் காட்டி, கையை ஆட்டினேன். "நோ. மீ. ஐ கட். ஐ ஃபயர்."

ஹைக்கே திரும்பி ராஜன் அண்ணையைப் பார்த்தா.

"அண்ணை, நான் சொல்லுறதை அப்பிடியே சொல்லுங்கோ. ஒண்டும் குறைக்காதேங்கோ."

ஏழு வயதில் நடந்ததைச் சொன்னேன். கோட்டு, பை, அம்மாவின் பல், முன்னால் நின்ற பெடியன். அண்ணை ஜெர்மனில் சொன்னார், ஹைக்கே ஆங்கிலத்தில் சொன்னா. நான் ஒரு வரி சொல்லிவிட்டு, அது இரண்டு பாஷை கடந்து டயானின் முகத்துக்குப் போய்ச் சேரும்வரை நிற்க வேண்டியிருந்தது. அந்த இடைவெளிகள்தான் அந்தப் பயணத்திலேயே எனக்கு ஆகப் பயமான நேரம். கடைசியில், "அண்ணா இரும்பு அலுமாரியிலதான் வைச்சிருந்தவர். வெள்ளைத் துணியில சுத்தி. அதாலதான் அது அவரின்ர கோட்டு எண்டு நினைச்சன். அம்மாக்குக் கொண்டுபோக நினைச்சன்" என்றேன்.

டயான் ஒரே ஒரு கேள்வி கேட்டா. அது எனக்கு நேரடியாகவே விளங்கியது. கடைசி எண் என்ன?

வெட்டியவள் நான். அதைக் கடைசியாகப் பார்த்த கண் என்னுடையது.

அண்ணை எனக்குப் பின்னால் நின்று, உதடு அசையாமல் சொன்னார். "ஏழெண்டு சொல்லு பிள்ளை. ஏழெண்டு சொன்னால் எல்லாருக்கும் சந்தோசம். அன்ரனும் அதைத்தானே சொன்னவன்."

உண்மையில் ஏழாகத்தான் இருந்திருக்கும். எனக்கும் அதில் சந்தேகம் இல்லை. டயானின் கிழவித் தாய் நினைவுக்கு வந்தா. ஏழு விரலைக் காட்டினால் போதும்.

"ஐ நோ சீ" என்றேன். "எண் எண்டு கண்டவுடன கண்ணை மூடிக்கொண்டு வெட்டினன். பார்க்கப் பயம். அதையும் சொல்லுங்கோ, அண்ணை."

அவர் பெருமூச்சு விட்டுச் சொன்னார்.

டயான் கோட்டைத் தன் பக்கம் இழுத்தா. வெட்டிய இடத்தில் விரலை வைத்து, ஓரம் முழுவதையும் ஒருதரம் தடவினா. பிறகு ஹைக்கேயிடம் ஏதோ கேட்டா. ஹைக்கே தொலைபேசியை எடுத்து, அண்ணன் அனுப்பிய செய்தியைக் காட்டினா. ஒரு வரிதான். ஏழுதான், வரச்சொல்லுங்கோ. டயான் அதை வாசித்துவிட்டு மெதுவாகச் சொன்னதை ஹைக்கே ஜெர்மனில் சொல்ல, அண்ணை எனக்குச் சொன்னார்.

"இவளுக்கு இப்ப ஏழெண்டு சொல்லுறது எவ்வளவு லேசு. சொல்லேல்லை. அப்ப இவளின்ர அண்ணனும் காணாததைக் கண்டதெண்டு எழுதியிருக்கமாட்டான் எண்டுறா. கோட்டைக் கொண்டு போறாவாம்."

ஹைக்கே முகத்தைத் திருப்பிக்கொண்டு சுவரில் தொங்கிய ஏதோ ஒன்றை நேராக்கினா. அது முதலே நேராகத்தான் இருந்தது. பிறகு வந்து, பொய்யன் என்று சொன்னதற்கு அண்ணனிடம் மன்னிப்புக் கேட்டா. என்னிடம் அல்ல, கோட்டைப் பார்த்து, "ஆன்டோன்" என்று பெயர் சொல்லித்தான் கேட்டா. ராஜன் அண்ணையை மட்டும் ஒரு முறை முறைத்தா. அவர் சப்பாத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

டயான் கோட்டை மடித்தா. மடித்துவிட்டு, தன் பையிலிருந்து ஒரு தாளும் பேனாவும் எடுத்து என் முன்னால் வைத்தா. தன் தாய்க்குக் காட்ட எண் இல்லை, அதனால் கண்டுபிடித்தவனின் பெயராவது கோட்டுக்குள் இருக்கட்டும் என்றாவாம். இங்கிலிஷில் வேண்டாம், அவனுடைய பாஷை எழுத்திலேயே எழுது என்றாவாம்.

நான் எட்டாம் வகுப்போடு நின்றவள். என் எழுத்து கோணல். அதோடு எங்களுக்கு முழுப்பெயர் என்றால் அப்பாவின் பெயர் முன்னால் வர வேண்டும். சவிரிமுத்து என்று எழுதி முடிக்க அவ்வளவு நேரம் எடுத்தது. அன்ரன் என்பதை உடனே எழுதிவிட்டேன். மை காயும்வரை எல்லாரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள். டயான் தாளை நாலாக மடித்து, கோட்டின் உள்பைக்குள் வைத்து, தெறியைப் பூட்டினா.

முப்பத்தோராம் நாள் பூசை முடிந்ததும் ஊருக்குத் திரும்பினேன். அண்ணனின் சாரம், சேட், குளிர்த்தொப்பி, ஒற்றைக் காலுறை உட்பட எல்லாவற்றையும் அம்மாவிடம் கொண்டுவந்து கொடுத்துவிட்டேன். கட்டுநாயக்காவில் யாரும் பெட்டியைத் திறக்கச் சொல்லவில்லை. அம்மா ஒவ்வொன்றாக மணந்து பார்த்து மடித்து வைத்திருக்கிறார். கோட்டைப் பற்றி மட்டும் இன்னும் சொல்லவில்லை. ஒரு படைக் கோட்டின் பைக்குள் அப்பாவின் பெயரை என் கையாலேயே எழுதி வைத்தேன் என்று கேட்டால், அம்மாவுக்கு நித்திரை வராது.